சின்னவளுக்கு, அப்பா எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் போட்டு 'ஓகேப்பா' என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தபால். இதில் டிக் கிடையாது. நீ படித்தாயா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உனக்கும் தொந்தரவில்லை.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு செய்தி. 2011-இல் ஜார்ஜியா நாட்டில் 75 வயதுப் பாட்டி ஒருவர், தாமிரக் கம்பி கிடைத்தால் எடைக்குப் போடலாம் என்று மண்ணைத் தோண்டியிருக்கிறார். கம்பிக்குப் பதிலாக இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார். பக்கத்து நாடான ஆர்மீனியாவில் ஏறக்குறைய நாடு முழுக்கப் பல மணி நேரம் நெட் இல்லை. விசாரித்தபோது, இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது என்றாராம். வயதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ தாமிரம் கிடைச்சுதா இல்லையா?" என்கிறாள்.

இன்னொன்று வேல்ஸில். அபர்ஹோசன் என்ற சின்ன ஊரில் பதினெட்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு பிராட்பேண்ட் படுத்துவிடுமாம். ஆட்கள் வந்து பார்த்தார்கள், கேபிளைக்கூட மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் 2020-இல் கருவியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் பழைய டிவியை ஏழு மணிக்குப் போட்டதும், அதிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல் ஊர் நெட்டையே கெடுத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் கூசிப்போய், இனி அதைத் தொடவே மாட்டேன் என்றாராம். அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

நெட்டில் நீ எழுதுகிற பக்கத்தை எனக்குக் காட்டுவது மாடி வீட்டுத் தம்பிதான், உனக்குத் தெரியும். இப்போது போனால் 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று வருகிறது. அவன் போன்தான் கோளாறு என்று சொன்னேன். பெரியவன் போனிலும் அப்படியேதான் வருகிறது. சரி, அதை விடு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் நெட்டை நிறுத்தினார்கள். நீ லேண்ட்லைனில் கூப்பிட்டு, கைக்குழந்தையை விசாரிப்பது மாதிரி, "அப்பா சாப்பிட்டீங்களா, வெளியே போகாதீங்க" என்றாய். அப்போது அரசாங்கம் பூட்டியது. இப்போது பூட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.

கேட்காமலே நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவன், காகிதத்தைத் தூரத்தில் பார்த்தே இது சம்மனா வாரண்டா என்று சொல்லிவிடுவேன். நீ எழுதியதற்காக யாராவது ஏதாவது காகிதம் கொடுத்திருந்தால், அதில் முதலில் பார்க்கவேண்டியது பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ என்று இருந்தால் சிரித்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள். 2012 நவம்பரில், சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்து மும்பை அடைத்துக் கிடந்தபோது, அதைக் கேள்வி கேட்டு ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினாள், இன்னொரு பெண் லைக் போட்டாள். பால்கர் போலீஸ் இருவரையும் கைது செய்தது. லைக் போட்டதற்கும் கைது! அதை எதிர்த்து ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனாள். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு. அதற்கப்புறமும் ஊர் ஊராக ஸ்டேஷன்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குகிற கதைதான்.

'ஆஜராகவும்' என்று நோட்டீஸ் வந்தால் அது கைது இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 35(3). வந்து விளக்கம் சொல் என்பதுதான் அதன் பொருள். போகாமல் இருந்தால்தான் சிக்கல். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறைப்படி கொடுத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவன் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றால் அவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணு. பணம் கிணம் போயிருந்தாலும் பரவாயில்லை, சொன்னால் போதும். போனது போகட்டும்.

நீ எழுதியதில் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். தென்காசிச் சித்தப்பாவை அத்தனை பேர் இருக்கிற குடும்பக் குரூப்பில் வைத்தா திருத்தவேண்டும்? இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுக்கும் என்று அவர் 2016-இல் அனுப்பியதற்கு நீ ரிசர்வ் வங்கி விளக்கத்தையே எடுத்துப் போட்டாய். பெரியவர் முகம் செத்துவிட்டது. ஆனால் சொல்கிறேன், அன்று சாயங்காலம் அதை நான் வாக்கிங் கோஷ்டியிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். 2023-இல் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிப் எங்கே போயிற்று என்று சித்தப்பா இன்றுவரை சொல்லவில்லை.

நீ குரூப்பிலிருந்து வெளியேறியதைப் பற்றி அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோர்ட் கதை ஒன்று விட்டுப்போயிற்று, இதுதான் உனக்காக எடுத்து வைத்தது. ஒரு அரசியல் கட்சிக்காரர், மகள் மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். படத்தைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று தமாஷாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. என்ன பிரிவு தெரியுமா? 122. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்தது! படத்தில் இருந்தது குடும்பமும் மலையும்தான். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தார். அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படைக் கடமைகளோடு 'சிரிக்கும் கடமை'யையும் சேர்க்கலாம் என்கிற மாதிரி தீர்ப்பில் எழுதினார். அவருடைய மற்ற தீர்ப்புகளைப் பற்றி உனக்கு வேறு கருத்து இருக்கும், தெரியும், அதற்கு இப்போது சண்டை வேண்டாம்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நீதிபதி இல்லை. முதல் நாள் அந்தக் கட்சிக்காரரை ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது முடியாது என்று திருப்பி அனுப்பிய மாஜிஸ்திரேட்தான். சாயங்கால நேரம், எதிரே போலீஸ், பெரிய பெரிய பிரிவு. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பழகியவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம்!

ஆபீஸில் யாராவது சொல்லி எடுத்துவிட்டாய் என்றால் அது வேறு. அதற்கு என்னிடம் பிரிவு இல்லை. வேலை முக்கியம், வாடகை முக்கியம். வேறு ஏதாவது மனக்கஷ்டம் என்றால், யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அம்மாவிடம் சொல். அம்மா என்னிடம் சொல்லமாட்டாள். சொன்னாலும் நான் கேட்காத மாதிரி இருந்துகொள்வேன், எனக்குப் பழக்கம்தான்.

எழுதினவற்றை நகல் எடுத்து வைத்திருக்கிறாயா? பக்கத்தை மூடினால் மூடு, நகல் இல்லாமல் அழித்துவிடாதே. ஊர்க் குளத்தைத் தூர்வாரிய கணக்கு என்று நீ எழுதினாயே, அதை மாடி வீட்டுத் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். என் கேஸ் கட்டில் இருக்கிறது. அது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

பெரியவன் புது வண்டி வாங்கியிருக்கிறான், அதைப் பற்றி அவனே சொல்வான். ராத்திரி சாப்பிடு. படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அப்புறம், நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை வந்து சேருகிற மாதிரி எனக்கு டிக்கெட் போட்டாயிற்று. சும்மாதான் வருகிறேன், விசாரணைக்கு இல்லை. அம்மா கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடு, இப்போது கேன்சல் பண்ணினால் பிடித்தம் போக மீதியாவது கைக்கு வரும்.

இப்படிக்கு,
அப்பா