நாகையில் ஏறிய கப்பல்

திருவாரூர்
12.11.2025

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மழைக்கு முன்னாலேயே குறுவையை அறுத்து நெல்லைப் போட்டுவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பின்தங்கி நட்டவர்கள் பாடு பெரும்பாடு. எங்கள் தெருக்கோடியில் தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க யோசிக்கிறார்கள். வெயில் முகம் காட்டினால் தார்ப்பாயை விலக்குவதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடுவதுமாக அந்தப் பெண்கள் ராத்திரியும் அங்கேயே படுத்துக்கிடக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

சரி, நீ கடைசியில் எழுதியிருந்ததுக்கு வருகிறேன். ஆடியில் உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை, மெல்போர்னிலிருந்து பையன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், நினைத்தாலே கை கால் நடுங்குகிறது, உனக்கு மட்டும் எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அக்கரைப்பேட்டை வீட்டில் காலைப் பலகாரம் முடிந்திருந்தது. ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதப் போகிற என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு லீவு. கடல் உள்ளே போய்விட்டது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். மீன் துள்ளுவதைப் பார்க்க எங்கள் மகளும் செருப்பை மாட்டினாள். என்னமோ சரியில்லை என்று அவர்தான் அவளைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, என்னை எதிர் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டார். ‘அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்’ என்று இறங்கினார். மாமியாருக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க வராது. ரெண்டு பேரும் வரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நான் திருவாரூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்ததும், வேளாங்கண்ணி பக்கம் கல்யாணம் என்றால்கூடப் போகாமல் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பியதும் நீ பார்த்தது. தெருக்குழாயில் தண்ணீர் வேகமாக வந்து டிரம்மில் விழுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் காது அடைக்கும். வீட்டில் அவர் பேச்சை எடுக்க மாட்டோம். மகள் அழக்கூடாது என்று நானும், நான் அழக்கூடாது என்று அவளும் அப்படியே வருஷங்களை ஓட்டிவிட்டோம். திதி கொடுப்போம், படையல் போடுவோம், அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்று போய், அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்போது மகள்தான் சொன்னாள்: ‘அம்மா, எந்தக் கடலைப் பார்த்து ஓடி வந்தோமோ, அதிலேயே ஒரு தடவை போயிட்டு வந்துடேன்.’ தைரியம் வந்த பிறகு போகலாம் என்று நான் காத்திருந்தால் அது இந்த ஜென்மத்தில் நடந்திருக்காது. பயத்தோடுதான் ஏறினேன். கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போது அக்கரைப்பேட்டை தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்ன தோன்றியதோ, எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. உள்ளங்கையில் துருவும் உப்பும் ஒட்டியிருந்தன. வாந்தி எடுத்தேன், அழுதேன், மறுபடி பார்த்தேன். நாலு மணி நேரம் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் ரெண்டு நாள் இருந்துவிட்டு முல்லைத்தீவுக்குப் போனேன். அங்கேயும் அன்றைக்கு அலை அள்ளிக்கொண்டு போயிருந்தது. கடற்கரையில் ஒரு அம்மாள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினம் என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘உங்கட பக்கமும் வந்ததெல்லோ’ என்றார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ரெண்டு பிள்ளைகளைக் கடல் எடுத்தது. மிச்சமிருந்த மூத்தவனை 2009-இல் ஷெல் எடுத்தது. பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. சாளையை ஒரு பக்கம், கிழிந்ததை இன்னொரு பக்கம் போட்டுக்கொண்டே பேசினார். பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் விரலை மண்ணில் துடைத்துக்கொண்டார். எழுந்து வரும்போது ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அத்தனை வருஷமாக என் வீட்டுக்காரர் பெயரை நான் வெளியாளிடம் உரக்கச் சொன்னதில்லை. அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அதுதான் ஆரம்பம்.

அங்கிருந்து வந்த வேகத்தில் அந்த டிசம்பரிலேயே இந்தோனேசியா போனேன். திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் மாறி பண்டா ஆச்சே. நான் சரித்திர டீச்சராச்சே, ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இலாமுரிதேசம் என்று வருமே, அது அந்தச் சுமத்ரா முனைதான் என்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் போன திசை அது. அன்று நம் பக்கம் அலை வந்ததும் அந்தத் திசையிலிருந்துதான். நிலம் அங்கே அசைந்து ஏறக்குறைய ரெண்டரை மணி நேரம் கழித்துத்தான் நம் கரையை அடைந்தது. அந்த ரெண்டரை மணி நேரத்தில் ஒருவர்கூட நமக்குச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பண்டா ஆச்சேயில், 2,600 டன் எடையுள்ள மின்சாரம் எடுக்கும் மிதவைக் கப்பல் ஒன்று கடலைவிட்டு ரெண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே வீடுகளுக்கு நடுவில் கிடக்கிறது. எடுக்காமல் அப்படியே நினைவுச் சின்னமாக வைத்துவிட்டார்கள். சுற்றிலும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அங்கே இருக்கிற சுனாமி மியூசியத்தில் நுழைந்ததும் ஒரு குறுகலான இருட்டுப் பாதை, ரெண்டு பக்கச் சுவரிலும் தண்ணீர் வழிகிற சத்தம். என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்துகொண்டிருந்தது. தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு சின்னப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அவளுக்கு அதெல்லாம் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

அங்கேதான் சிமெலுவே தீவைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டேன். நடுக்கம் கிளம்பிய இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற தீவு. ஏறக்குறைய 78,000 சனம். செத்தவர்கள் ஏழு பேர்தான். 1907-இல் அங்கே ஒரு பெரிய அலை வந்திருக்கிறது. அதை அந்த ஊர்ப் பாட்டிமார் தாலாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான் சேதி. நமக்கும் பூம்புகாரைக் கடல் கொண்ட கதை இருக்கிறது. கடல் உள்ளே போனால் ஓடு என்பது அந்தக் கதையில் இல்லாமல் போய்விட்டதே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் மனதை அறுத்தது. ஆச்சேயில் தனிநாடு கேட்டு முப்பது வருஷமாக நடந்த சண்டை, அலைக்குப் பிறகு 2005 ஆகஸ்ட்டில் ஒப்பந்தம் போட்டு முடிந்தது. முல்லைத்தீவையும் அதே அலைதான் அடித்தது. அங்கே அதற்கப்புறம்தான் போர் முற்றியது. கருவாட்டு அம்மாளின் மூத்த பையன் நினைவுக்கு வந்தான். அங்கே ஒரு மசூதி வாசலில் உட்கார்ந்து அவனுக்காக அழுதேன்.

ஜப்பான் இந்த வருஷம் வசந்த காலத்தில் போனது. மகள் டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த கதையைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே. அவளும் நானுமாக வடக்கே இவாத்தே கடற்கரைக்குப் போனோம். 2011 மார்ச் 11 அலையில் மொத்தமாகப் போன ஊர்கள். கமைஷியைச் சேர்ந்த உனோசுமாய் என்ற ஊரில், நிலம் ஆடி நின்றதும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் யார் சொல்லுக்கும் காத்திராமல் ஓடியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் வெளியே வந்திருக்கிறது. பெரியவர்கள் சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் போய் நின்ற இடமும் போதாது என்று இன்னும் மேலே, அதற்கும் மேலே ஏறியிருக்கிறார்கள். கமைஷியில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய அம்மாள் ஒன்று சொன்னார், மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அந்தக் கரையில் பழைய வழக்கமாம்: அலை என்றால் அவரவர் தனித்தனியாக ஓட வேண்டும், அப்பா பிள்ளையைத் தேடக்கூடாது, பிள்ளை அம்மாவைத் தேடக்கூடாது. ‘நீ ஓடியிருப்பாய்’ என்று ஒருவரையொருவர் நம்பவேண்டும். இதை வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சொல்லி வளர்த்தும், தாயைத் தூக்கி வரத் திரும்பிப் போய்ச் செத்த பிள்ளைகள் அங்கேயும் உண்டு என்றார். அதைக் கேட்டதும் மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்களை விட்டுவிட்டு அவர் ஏன் திரும்பிப் போனார் என்ற கோபம் எனக்கு இருந்தது, அவளுக்கும் இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் அன்றைக்குத்தான் அதைச் சொல்லிக்கொண்டோம். வழிவழியாகச் சொல்லி வைத்த ஊரிலேயே பெற்றவளுக்காகத் திரும்பியிருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லித்தராத அக்கரைப்பேட்டைக்காரர் வேறு என்ன செய்திருப்பார்?

ஓட்சுச்சியில் கடலைப் பார்த்த குன்றுச் சரிவில் ஒரு தோட்டம். அதில் வெள்ளை அடித்த டெலிபோன் கூண்டு, உள்ளே சுழற்றுகிற கறுப்புப் போன். கம்பி இணைப்பு கிடையாது. தோட்டக்காரர் ஒருவர் 2010-இல், செத்துப்போன தன் உறவினரோடு பேச வைத்துக்கொண்டது. அலைக்குப் பிறகு ஊர் சனமெல்லாம் வர ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே போய் எங்கள் பழைய நாகப்பட்டினம் லேண்ட்லைன் நம்பரைச் சுற்றினேன். விரல் மறக்கவில்லை. பெரிதாக அழுவேன் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததெல்லாம் வீட்டுச் சேதி. கஜா புயலில் மாமியார் வைத்த தென்னை விழுந்துவிட்டது, வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, பொண்ணு நல்லாப் படிச்சா, ஜப்பான்காரன் சோறு பிசுபிசுன்னு இருக்கு, உங்களுக்குப் பிடிக்காது. வெளியே வந்தபோது மகள் உள்ளே போனாள். அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

தாலி இழந்தவள் ஊர் சுற்றுகிறாள் என்று இங்கே ரெண்டு பேர் பேசினார்கள். உன்னையும் பேசுவார்கள். பேசட்டும். நான் முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த காசு, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் போனால் துக்கம் தீர்ந்துவிடும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தீரவில்லை. ஆனால் என்னைப் போலவே இழந்தவர்கள் அதை எப்படி வாய்விட்டுச் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, நான் பூட்டி வைத்திருந்ததைத் திறக்க முடிந்தது. போன வாரம் நவம்பர் 5, உலக சுனாமி விழிப்புணர்வு நாள். நாகையில் கடலோரப் பள்ளி ஒன்றில் போய்ப் பேசினேன். ஜப்பானில் நிலம் ஆடுவதே எச்சரிக்கை, நம் கரையில் அன்று நிறையப் பேருக்கு அது தெரியவே இல்லை. அதனால் கடல் உள்வாங்குவதைக் கண்டாலே ஓடணும், சைரன் கேட்டால் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது என்று சொன்னேன். வீட்டில் போய் யார் எங்கே ஓடுவது என்று பேசி வையுங்கள் என்றும் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘ஆயாவுக்கு நடக்க முடியாதே டீச்சர், யார் தூக்கிக்கிட்டு ஓடறது?’ என்று கேட்டான். ஆயாவை மேட்டுத் தெரு வீட்டில் படுக்க வைக்க முடியுமா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவன் வீட்டுக்கு நானே ஒரு நாள் போகப் போகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மெல்போர்ன் இப்போது வேண்டாம், அது ரொம்ப தூரம், மகன் வீட்டில் போய் அடைந்துகொள்வதும் அடைந்து கிடப்பதுதான். முதலில் என்னோடு யாழ்ப்பாணம் வா. மழைக்காலத்தில் கப்பல் ஓடாது, மாசி பங்குனியில் கடல் அடங்கிவிடும். நல்லூருக்குப் போவோம், அப்புறம் முல்லைத்தீவு. அந்த அம்மாளுக்கு நம் ஊர் மணத்தக்காளி வற்றல் கொண்டுபோகணும். நீ போட்டால் எனக்கும் சேர்த்துப் போடு.

பாஸ்போர்ட் உன்னிடம் இல்லை. தஞ்சாவூர் சேவா கேந்திரத்தில் எடுத்துவிடலாம், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். ஆதாரில் உன் பேர் இனிஷியலோடு இருக்கிறதா, அப்பா பேரை விரித்து எழுதியிருக்கிறதா என்று பார்த்து எழுது, அதில்தான் எல்லாருக்கும் இழுக்கும். அவருடைய இறப்புச் சான்றிதழையும் ஒரு நகல் எடுத்து வை. கார்த்திகை தீபம் முடிந்த வாரம் நான் கும்பகோணம் வருகிறேன். ரெண்டு பேருமாகத் தஞ்சாவூர் போய் வேலையை முடித்துவிடுவோம். ராத்திரி உன் வீட்டில்தான் தங்குவேன், சமைக்க வேண்டாம், நான் கொண்டு வருகிறேன்.

உன்,
பழைய ஹாஸ்டல் அறைத் தோழி