புகார்: பழுது டிஸ்க்கில் இல்லை, உங்கள் பெட்டியின் ஃபர்ம்வேரில்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 பெட்டி லினக்ஸில் துண்டிக்கப்படுவதும், அதனால் தரவுக்கு ஏற்படும் ஆபத்தும் – ஃபர்ம்வேர் திருத்தம் கோரி.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் முதல் புகாருக்கு, "டிஸ்க் பழுதாகியிருக்கும், லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் அனுப்பினீர்கள். இரண்டையும் ஏற்க முடியாது. யுஎஸ்பியையும் சாட்டாவையும் (டிஸ்க்கின் சொந்த இணைப்பு முறை) இணைக்கும் பிரிட்ஜ் சிப்பின் ஃபர்ம்வேரில்தான், அதாவது சிப்புக்குள் பதிந்துள்ள மென்பொருளில்தான், கோளாறு. விவரங்களை உங்கள் பொறியாளர்கள் பார்வைக்கு வையுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக இணைத்து, ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் வசதி) நீள்சோதனை ஓட்டினோம். பிழையின்றி முடிந்தது. ஸ்மார்ட் பட்டியலில் மாற்றி ஒதுக்கிய செக்டார் (எண் 5), நிலுவையில் உள்ள செக்டார் (எண் 197), தரவுப் பரிமாற்றத்தில் வரும் சிஆர்சி பிழை (எண் 199) மூன்றும் பூஜ்யம். 199 ஏறியிருந்தால் டிஸ்க்குக்கும் சிப்புக்கும் இடையிலான கனெக்டரைச் சந்தேகிக்கலாம், அதுவும் இல்லை. கேபிளையும் 12 வோல்ட் அடாப்டரையும் மாற்றினாலும், ஹப்பை எடுத்துவிட்டாலும் பெட்டி அதேபோல் துண்டிக்கப்படுகிறது. வேறு சிப் கொண்ட பெட்டியில் அதே டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது.

துண்டிப்பு எப்போது வருகிறது என்பதும் தெளிவு. பெரிய கோப்பு ஒன்றை மட்டும் எழுதினால் சிக்கல் இல்லை. படிப்பதும் எழுதுவதும் ஒன்றாக நடந்து, பல கட்டளைகள் வரிசையில் சேரும்போது சிப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது. 30 விநாடி காத்திருந்த பிறகு கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவில் யுஏஎஸ் (பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் யுஎஸ்பி முறை) டிரைவரின் அபார்ட் வரிகள், அதாவது கட்டளையைக் கைவிட்டதைச் சொல்லும் வரிகள், வருகின்றன, அடுத்து ரீசெட். சில வேளைகளில் டிஸ்க் காணாமல் போய் வேறு பெயரில் திரும்ப வருகிறது. எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி ஆகிவிடும். பழைய மவுண்ட்டில் (டிஸ்க்கைப் பழைய பெயரில் இணைத்திருந்த கோப்புறையில்) எழுதிக்கொண்டிருந்த நிரல்கள் எல்லாம் பிழையோடு நின்றுவிடும்.

யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை மரவடிவில் ஓட்டினால், இந்தப் பெட்டிக்கு யுஏஎஸ் டிரைவர் 5000எம் வேகத்தில் இணைந்திருப்பது தெரியும். யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலின் குவிர்க்ஸ் (குறையுள்ள சாதனங்களுக்கான விதிவிலக்கு) அமைப்பில் உங்கள் வெண்டர் எண், புராடக்ட் எண் இரண்டையும் தந்து, 'யு' (u) என்ற எழுத்தைச் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால், கெர்னல் யுஏஎஸ்ஸை விட்டுவிட்டு ஒரு நேரத்தில் ஒரே கட்டளை அனுப்பும் பழைய முறைக்குப் போகிறது. அதோடு துண்டிப்பு நின்றுவிடுகிறது. கட்டளை வரிசையைக் கையாளும் இடத்தில்தான் உங்கள் ஃபர்ம்வேர் தடுமாறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? சுழலும் டிஸ்க்கில் தொடர்ச்சியான எழுத்துக்கு வேகம் பெரிதாகக் குறையாது. சிறு கோப்புகள் நிறைந்த பேக்கப்பில் குறையும். யுஏஎஸ்பி (யுஏஎஸ் முறையின் மற்றொரு பெயர்) ஆதரவு உண்டு என்று அட்டையில் அச்சிட்டு விற்ற பொருளில் அதையே அணைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்வது நியாயம் ஆகாது.

இதைவிட எங்களைக் கவலைப்படுத்துவது அடுத்த குறை. துண்டிப்பு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. பெட்டியை இணைத்ததும் கெர்னல் பதிவில், கேஷிங் மோட் பேஜ் (டிஸ்க்கின் கேஷ் நிலையைச் சொல்லும் தகவல் பக்கம்) கிடைக்கவில்லை, ஆகவே ரைட் த்ரூ (எழுதுவது கேஷில் தங்காமல் நேராக டிஸ்க்குக்குப் போகும் முறை) என்று எடுத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் இரண்டு வரிகள் வருகின்றன. டிஸ்க்கில் ரைட் கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இருக்கிறதா என்று கெர்னல் கேட்கிறது. உங்கள் சிப் அந்தப் பக்கத்தைத் தருவதே இல்லை. கேஷ் இல்லை என்று நம்பி, கெர்னல், கேஷில் இருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் ஃபிளஷ் கட்டளையை அனுப்பாமலே விட்டுவிடுகிறது. உண்மையில் டிஸ்க்கின் கேஷ் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது: டிஸ்க் அமைப்புகளைக் காட்டும் எச்டிபார்ம் (hdparm) கட்டளை அதைக் காட்டுகிறது. விளைவு என்னவென்றால், தரவை டிஸ்க்கில் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க் (fsync) அழைப்பு வெற்றி என்று திரும்பிய பிறகும் தரவு டிஸ்க்கின் டிராமில் (மின்சாரம் போனால் அழியும் நினைவகத்தில்) மட்டும் இருக்கலாம். இஎக்ஸ்டி4 கோப்பு முறையின் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) தன் எழுத்துகளின் வரிசையைக் காப்பதே அந்த ஃபிளஷ்ஷை நம்பித்தான். அந்த நேரத்தில் மின்சாரம் போனாலோ, பெட்டியின் பின்பக்க சுவிட்சை யாராவது அணைத்தாலோ, ஜர்னல் இருந்தும் பயனில்லை.

குவிர்க்ஸில் 'யு'வோடு 'பி'யையும் (p) சேர்த்தால், கேஷ் உண்டு என்று கெர்னல் எடுத்துக்கொண்டு ஃபிளஷ் அனுப்பத் தொடங்கும். ஆனால் அந்தக் கட்டளை வந்ததும் உங்கள் சிப் அதை டிஸ்க்குக்கு ஃபிளஷ் கேஷ் கட்டளையாக மாற்றி அனுப்புகிறதா, வெறுமனே வெற்றி என்று சொல்லிவிடுகிறதா? இதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். அதுவரை டிஸ்க்கின் ரைட் கேஷை அணைத்து, வேகத்தை இழந்து ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

உங்கள் சேவைப் பிரிவு தந்த ஆலோசனை பற்றியும் சொல்ல வேண்டும். நேரடி சாட்டாவில் பார்ட்டிஷன் எதுவும் தெரியவில்லை என்றதற்கு, "ஃபார்மேட் செய்யுங்கள்" என்றார்கள். அதைச் செய்திருந்தால் தரவு போயிருக்கும். 512 பைட் செக்டார் காட்டும் டிஸ்க்கை உங்கள் சிப் 4096 பைட்டாக மாற்றிக் காட்டுகிறது. ஜிபிடி (பார்ட்டிஷன்களின் அட்டவணை) தலைப்பு செக்டார் 1-இல் இருக்கும். பெட்டியில் அது 4096-ஆம் பைட், நேரடி இணைப்பில் கெர்னல் தேடும் இடமோ 512-ஆம் பைட். தரவு அழியவில்லை, முகவரிதான் மாறுகிறது. டிஸ்க்கை வேறு செக்டார் அளவில் காட்ட உதவும் லாஸ்செட்டப் (losetup) கட்டளையில் செக்டார் அளவை 4096 என்று கொடுத்து, படிக்க மட்டும் என்ற முறையில் திறந்தால் பார்ட்டிஷன்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. இந்த மாற்றத்தைப் பற்றி உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் ஒரே சீரியல் எண் வருவதையும் சரிசெய்யுங்கள்.

நாங்கள் கேட்பவை: யுஏஎஸ் வரிசையைச் சரியாகக் கையாளும், கேஷிங் பக்கத்தை உண்மையாகத் தரும் ஃபர்ம்வேர், அதை லினக்ஸிலிருந்தே ஏற்றுவதற்கான கருவி, முடிந்தால் எஃப்டபிள்யுயுபிடி (fwupd, லினக்ஸில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் சேவை) வழியாக, செக்டார் மாற்றம் பற்றிக் கையேட்டில் தெளிவான எச்சரிக்கை. திருத்தம் வெளியிட இயலாது என்றால், பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். கெர்னல் பதிவுகள், ஸ்மார்ட் அறிக்கை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்