ஆபரேஷனுக்கு முன்னாடி டீ டம்ளரையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உடம்பு எடை குறைக்கற ஆபரேஷன் பத்தி முக்கால் பக்கத்துக்கு வந்திருந்தது, தலைப்புலயே "நிரந்தரத் தீர்வு"ன்னு போட்டிருந்தீங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த லெட்டர் எழுதறேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில இதே வார்த்தையைத்தான் என்கிட்டயும் சொன்னாங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில பேட்லாக் தையல் மெஷின் ஓட்டறேன், 19 வருஷம் ஆச்சு, வயசு 44. காலையில எட்டரைக்கு உக்காந்தா ஒன்றரை ஷிப்ட் அன்னிக்கு ராத்திரி எட்டரை வரைக்கும் அதே ஸ்டூல்தான், பெடல் மிதிக்கற காலைத் தவிர உடம்புல வேற எதுவும் அசையாது. அஞ்சடி ஒரு இன்ச் உயரத்துக்கு 86 கிலோ இருந்தேன். உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்கற பிஎம்ஐ கணக்கு 35-ஐத் தாண்டிடுச்சு, நம்ம நாட்டு ஆளுங்களுக்கு 25 வந்தாலே உடல் பருமன் கணக்குல வெச்சிடறாங்க. முட்டி வலிக்குதுன்னுதான் போனேன், ரத்தம் எடுத்துப் பாத்தா மூணு மாச சராசரி சுகர் 6.2, அதாவது சுகர் இன்னும் வரலை ஆனா வாசல்ல நிக்குது. உடனே ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க, மூன்றரை லட்சம்.

ஸ்லீவ்னா எங்களுக்கு டீசர்ட்டுக்கு வெச்சுத் தைக்கற கை. அங்க இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு மீதியை அந்தக் கை மாதிரி ஒடுக்கமா ஸ்டேப்பிள் போட்டு விடறாங்க. பசியைத் தூண்டற ஹார்மோன் அதிகமா சுரக்கற பாகமும் வெட்டுனதோட போயிடறதால பசியும் அடங்கிடும், எடை வேகமா இறங்கும், அது உண்மைதான், நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க அண்ணன் சம்சாரம், நங்கையான்னுதான் கூப்பிடுவேன், அவங்க அஞ்சு வருஷம் முன்னாடி பண்ணிக்கிட்டாங்க, ஒரே வருஷத்துல 30 கிலோ இறங்குச்சு. ஆனா பி12, இரும்பு, கால்சியம்னு மாத்திரை ஆயுசுக்கும் எடுத்துக்கணும், ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும்ங்கறது அவங்க மனசுல பதியவே இல்லை, ஒரு வருஷம் கழிச்சு மாத்திரையை விட்டுட்டாங்க. முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. கெட்டியா ஒரு தோசைக்கு மேல உள்ள போகாது, ஆனா டீயும் ஜூஸும் ஐஸ்கிரீமும் தடையில்லாம இறங்கும், அதுலயே 11 கிலோ திரும்ப ஏறிடுச்சு. அவங்களைக் குத்தம் சொல்லலைங்க, வயித்தை வெட்டுனவங்க பழக்கத்தை மாத்தறதுக்குக் கூட நின்னு உதவி பண்ணலையே, அதுதான் என் ஆதங்கம்.

அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஆபரேஷன் பண்ணாலும் அளவா சாப்பிடணும், நடக்கணும், சர்க்கரையை விடணும்னா அதை வெட்டறதுக்கு முன்னாடியே ஒரு வருஷம் ஒழுங்கா செஞ்சு பாத்தா என்ன? சீட்டுப் பணத்தை எடுக்கலை. எங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில தொற்றா நோய் பிரிவுக்குப் போனேன், அங்க இருந்த டயட்டீஷியன் அம்மா, "முதல் வாரம் எதையும் நிறுத்தாதீங்க, என்ன சாப்பிடறீங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்க"ன்னு ஒரு நோட்டு வாங்கச் சொன்னாங்க.

அந்த நோட்டுலதான் எல்லாம் தெரிஞ்சுது. ஒரு நாளைக்கு அஞ்சு டீ. கம்பெனியில துணியோட ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு பாக்கறதுக்கு கிராம் கணக்குல காட்டற சின்ன தராசு இருக்கும், ஒரு நாள் டீக்கார அண்ணன்கிட்ட சொல்லி எனக்குப் போடற சர்க்கரையை ஒவ்வொரு தடவையும் ஒரு கவர்ல தனியா வாங்கி, வீட்டு டீக்குப் போடறதையும் அதே கவர்ல சேர்த்து, மறுநாள் அந்தத் தராசுல வெச்சுப் பாத்தேன். 58 கிராம். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கு 25, 30 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, எனக்கு வெறும் டீயிலயே அதைப் போல ரெண்டு மடங்கு போயிருக்கு. கலோரி கணக்குல 230-க்கு மேல, சுமாரா நாலு இட்லி. அதோட பதினொரு மணிக்கு ஒரு போண்டா, நாலு மணிக்கு ரெண்டு பஜ்ஜி. இத்தனை வருஷமா "நான் சோறே கம்மியாத்தான் சாப்பிடறேன், எனக்கு எப்படி ஏறுது"ன்னு அழுதிருக்கேன்.

மாத்துனது எல்லாம் சின்னச் சின்னதுதான். டீ ரெண்டாச்சு, சர்க்கரை அரை ஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு மாசம் அஞ்சு லிட்டர் எண்ணெய் வாங்குனது ரெண்டேகால் லிட்டர் ஆச்சு. மதியம் டிபன் பாக்ஸ்ல சோறு ஒரு கப், பொரியல் ரெண்டு கப், கூட முட்டையோ கொள்ளுப் பருப்போ. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்வாங்க, ஆனா வழக்கம்போல சோத்தை மலையாப் போட்டுக்கிட்டு மேல கொள்ளு ரசத்தை ஊத்தினா ஒண்ணும் ஆகாது, சோறு குறைஞ்ச இடத்துல கொள்ளு வந்து உக்காரணும். கம்பெனி வண்டியில போறதை விட்டுட்டு காலையில ரெண்டரை கிலோமீட்டர் நடந்தே போறேன், முட்டி வலியால முதல் மாசம் பாதி தூரம்தான் முடிஞ்சுது.

ஒரு வருஷத்துல 78-க்கு வந்தேன். அப்புறம் அஞ்சு மாசம் ஒரு கிலோ கூட இறங்கலை, தீபாவளி சமயம் ஷிப்மென்ட் அவசரத்துல ராத்திரி எல்லாம் வேலை, ரெண்டரை கிலோ ஏறிடுச்சு, இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு விட்டுடலாம்னு இருந்தேன். அப்பத்தான் டயட்டீஷியன் அம்மா சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு செஞ்ச ஆராய்ச்சியைச் சொன்னாங்க. சுகர் வர்ற கட்டத்துல இருந்த 531 பேரை வெச்சுப் பண்ணி 2006-ல வெளியிட்டது, நடை, சாப்பாடு மாத்துனவங்களுக்கு மூணு வருஷத்துல சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சிருக்கு, மாத்திரை எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதுல எனக்கு ஆறுதலா இருந்த விஷயம் என்னன்னா, அவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்லை, ஆனாலும் பலன் இருந்திருக்கு. அன்னிக்கு இருந்து தினமும் எடை பாக்கறதை நிறுத்திட்டு நடக்கறதை மட்டும் விடாமப் புடிச்சேன். இப்ப 73 கிலோ, மூணு மாச சராசரி சுகர் 5.6. இன்னும் குறையணும், குறைப்பேன்.

ஆபரேஷனே வேண்டாம்னு நான் சொல்லலைங்க. எங்க கட்டிங் மாஸ்டரோட அண்ணன் 140 கிலோ இருந்தாரு, படுத்தா மூச்சு நின்னு நின்னு வரும், இன்சுலின் போட்டும் சுகர் அடங்கலை, அவருக்கு ஆபரேஷன்தான் உயிர் கொடுத்துச்சு. அந்த நிலைமையில இருக்கறவங்க என் லெட்டரைப் படிச்சுட்டுத் தள்ளிப் போட வேண்டாம், டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஆனா என்னை மாதிரி ஆளுங்களுக்கு மாத்திப் பாக்கறதுக்கு ஒரு வாய்ப்பு கூட கொடுக்காம முதல் நாளே அட்வான்ஸ் கட்டச் சொல்றது நியாயமில்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. 2023-ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா ஒன்றரை ஷிப்ட் பாக்கற பொம்பளைக்கு அங்க போக நேரம் எங்க இருக்கு? தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்துல கம்பெனிக்கே வந்து பிரஷரும் சுகரும் பாக்கறாங்கல்ல, அவங்களோட ஒரு டயட்டீஷியனையும் அனுப்புங்க. எனக்கு நோட்டு எழுதச் சொல்ல ஒருத்தர் கிடைச்ச மாதிரி எல்லாருக்கும் கிடைக்கணும். முதலாளிமாருங்களும் மனசு வெக்கணும். எங்க கம்பெனியில கேட்டுக் கேட்டு இப்ப டீயில சர்க்கரை கலக்காமத் தனியா வெக்கறாங்க, திங்களும் வியாழனும் போண்டாவுக்குப் பதிலா சுண்டல் வருது, முதல்ல மூஞ்சியைச் சுளிச்ச செக்கிங் பிள்ளைங்களே இப்ப சுண்டல் தீர்ந்துடுமோன்னு ஓடி வர்றாங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த தடவை இந்த ஆபரேஷன் பத்தி எழுதறப்ப, அதைப் பண்ணி அஞ்சு வருஷம் ஆனவங்க ரெண்டு பேரையாவது கேட்டு அவங்க சொல்றதையும் போடுங்க. எங்க நங்கையா பேசறதுக்குத் தயாரா இருக்காங்க, நான் கேட்டுட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்