டிவிடி திரும்பிப் போக எத்தனை நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், தபாலில் எதைப் போட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான் என்று எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேன். இப்போது முடியவில்லை. கார்த்திகை மாதம் முழுக்க, வேறு வேலை இல்லாத மனிதன் மாதிரி (வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிஜமாகவே வேறு வேலை இல்லை) அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு கடையில் பழைய தமிழ்ப் படங்களின் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்புகிறார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தட்டு, அனுப்பிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் அவர்கள் கைக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் நாளுக்கு ஐந்து ரூபாய். எல்லாம் யூடியூபில் இருக்கே என்று பேரன் கேட்கிறான். இருக்கிறது, பாதிப் படம் வெட்டுப்பட்டு, நடு நடுவே சேலைக்கடை விளம்பரத்தோடு. எனக்கு முழுசாக வேண்டும், அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஏவி. மெய்யப்பச் செட்டியார் சென்னை கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன்னால், நாற்பதுகளில், காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்தார். அங்கே கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் நின்றதாக எங்கள் அப்பச்சி (அப்பா) கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், எந்தப் படம் என்று மட்டும் சொல்ல மாட்டார். அந்தக் காலத்துப் படமாக ஒவ்வொன்றாக வரவழைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதத்தில் தாமதக் கட்டணம் மட்டும் 85 ரூபாய். பணம் பெரிதில்லை, ஆனால் நான் ஆறாம் நாளே தபாலில் போட்டுவிட்டேன் என்று போன் செய்தால் அந்தப் பக்கத்துப் பெண் ஒரே வரியைத்தான் சொல்கிறது: "தபால் லேட் சார், நாங்க என்ன பண்றது." நானும் ஊரில் நாலு பேரிடம் தபாலைத் திட்டினேன்.

அப்புறம்தான் அமெரிக்கா ஞாபகம் வந்தது. 2008ல் மகன் நியூஜெர்சியில் இருந்தபோது ஆறு மாதம் அங்கே போய் இருந்தோம். நெட்ஃபிளிக்ஸ் என்றால் அப்போது அந்த ஊரில் சிவப்பு உறையில் வருகிற டிவிடிதான் எல்லோருக்கும் தெரியும். பார்த்துவிட்டு, முன்பே தபால் கட்டணம் கட்டிய அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது, போய்ச் சேர்ந்ததும் வந்தது என்று மின்னஞ்சல் வரும், அடுத்த படம் கிளம்பும். மகன் குளிர்பெட்டிக் கதவில் ஒரு காலண்டரை ஒட்டி, போட்ட நாளுக்கு ஒரு வட்டம், மின்னஞ்சல் வந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வருவான். வீட்டு வாசல் பெட்டியில் வைத்தால் எத்தனை நாள், அலுவலகத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் போட்டால் எத்தனை நாள் என்று கணக்கு. பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கம்பெனி பிறந்ததே இப்படித்தானாம், 1997ல் அதை ஆரம்பித்த இரண்டு பேரும் ஒரு சிடியை உறையில் போட்டுத் தங்களுக்கே தபாலில் அனுப்பி, உடையாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். மகன் இன்னொன்றும் சொன்னான். நிறையப் படம் பார்க்கிறவர்களுக்கு வேண்டுமென்றே மெதுவாக அனுப்புகிறார்கள் என்று 2004ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சந்தாதாரர் வழக்குப் போட்டார். குறைவாக எடுப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதை அடுத்த வருஷம் கம்பெனியே தன் விதிமுறையில் எழுதிவைத்தது. அதாவது ஒரு தட்டு தாமதமானால் தபாலும் காரணமாக இருக்கலாம், தபாலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் காரணமாக இருக்கலாம். 2023 செப்டம்பர் 29ஆம் தேதியோடு அவர்கள் டிவிடி அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை.

சரி, நாமும் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். என் தங்கை மகன் அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான், ஒரே பின்கோடு. கடைக்கு ஒரு உறை போடும்போதே அவனுக்கும் ஒரு உறை அதே பெட்டியில், அதே நிமிஷத்தில். முதலில் அவனுக்கு வெறும் அஞ்சலட்டை போதும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது சரியான சோதனை ஆகாது. அமெரிக்காவிலேயே அந்தச் சிவப்பு உறைகள் யந்திரத்தில் சிக்குகின்றன, திரும்பி வருவதில் 70 சதவீதத்தைக் கையால்தான் கையாள வேண்டியிருக்கிறது என்று 2007ல் தபால் துறையின் தணிக்கைப் பிரிவே அறிக்கை கொடுத்திருக்கிறது. அட்டை போகிற வழி வேறு, தட்டு போகிற வழி வேறு. ஆகவே அவனுக்கும் டிவிடிதான் போக வேண்டும்.

வீட்டில் சும்மா கிடந்தது என் வயது நிறைவுச் சாந்தி விழாவுக்கு எடுத்த டிவிடி, ஆறு பிரதி. வீடியோக்காரர் அளவுக்கு மீறிக் கொடுத்திருந்தார். அதை எடுத்து உறையில் போடுவதைப் பார்த்ததும் வீட்டு ஆச்சி (என் மனைவி) பேசுவதை நிறுத்திவிட்டார், இரண்டு நாள். அலமாரியில் கல்யாண அழைப்பிதழுக்கா பஞ்சம், எங்கள் பக்கத்து அழைப்பிதழ் ஒவ்வொன்றும் பலகை மாதிரி இருக்கும், அதில் ஒன்றை இரண்டாக வெட்டித் தட்டுக்கு மேலும் கீழும் வைத்து ஒட்டினேன். ஐந்து ரூபாய் ஸ்டாம்பு.

இங்கேதான் முதல் குட்டு, அதுவும் எனக்கு. நாலாம் நாள் மருமகன் போன் செய்தான். "அம்மான், உங்க சாந்திக்கு இப்பத்தான் பத்து ரூபாய் மொய் எழுதினேன்" என்றான். ஸ்டாம்பு பற்றவில்லை, குறைந்த ஐந்து ரூபாய்க்கு இரண்டு மடங்காகத் தபால்காரர் அவனிடம் வாங்கிப் போயிருக்கிறார். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், தட்டு மட்டும் 16 கிராம், அட்டையும் உறையும் சேர்த்தால் 34. இருபது கிராமுக்கு ஐந்து ரூபாய் என்றால் பத்து ரூபாய் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று மாதமாகக் கடைக்குப் போன உறையெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது, எத்தனை பத்து ரூபாய் கட்டினார்களோ, அதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த மட்டும் நான் தலை குனிகிறேன்.

பத்து ரூபாய் ஒட்டி மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் தெருமுனைப் பெட்டியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டது மருமகனுக்கு வெள்ளி மத்தியானம் கிடைத்தது. அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கே போட்டேன், வியாழனே போய்விட்டது. நின்று பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது, எங்கள் தெருப் பெட்டியை ஒரே தடவை, காலை பத்தரைக்குத்தான் திறக்கிறார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, காபியும் குடித்துவிட்டு சாவகாசமாக நான் கொண்டுபோய்ப் போடுகிற உறை அன்றைக்கு முழுக்க அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் போட்டதோ ஞாயிறும் அங்கேயே தங்கி, திங்கள் காலை கிளம்பி, வியாழன் போனது. பெட்டிக்குள் என் உறை தூங்கிய நாளையும் சேர்த்துத்தான் தபால் தாமதம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்! காரைக்குடி தலைமைத் தபால் நிலையத்துக்கே பஸ் ஏறிப் போய் புதன் காலை போட்டது, வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. இரண்டே நாள். பல்லவன் ரயிலில் நான் போனால்கூட இறங்கி ஆட்டோ பிடித்து அலுத்துப்போய் மறுநாள்தான் அந்தக் கடை வாசலுக்குப் போவேன்.

இனி கடைக் கணக்கு. அதே உறைகளுக்கு அவர்கள் எழுதியிருக்கிற வந்த நாள்: முதலாவது மருமகனுக்குப் போய் நாலு நாள் கழித்து, செவ்வாய். இரண்டாவது வெள்ளி. மூன்றாவது வெள்ளி. காரைக்குடியில் போட்டது செவ்வாய். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்புறத்தில் இதை எழுதிப் பார்த்தபோதுதான் என்னவோ இடித்தது. பழைய ரசீதுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினேன், மூன்று மாதத்தில் திருப்பிய பதினாலு தட்டு, பதினாலும் வந்து சேர்ந்தது செவ்வாய் அல்லது வெள்ளி. மாரியம்மன் கோயிலுக்குப் போகிற மாதிரி, என் டிவிடி மட்டும் நாள் பார்த்தா போகிறது?

இன்னும் ஒரு சந்தேகம் வேண்டாம் என்று அடுத்த தட்டை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள் அல்லவா, 2025 அக்டோபரிலிருந்து வெளியூருக்கு 50 கிராம் வரைக்கும் 47 ரூபாய், வரி தனி. படத்தின் வாடகையே அவ்வளவு வராது, ஒரு தடவைக்குத்தான் மனசு வந்தது. வலைத்தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் வெள்ளிக்கிழமை காலை 11.40க்குக் கடையில் ஒப்படைத்தாகிவிட்டது. கடைப் பதிவேட்டில் செவ்வாய். போன் செய்து அந்த நேரத்தைச் சொன்னேன். கொஞ்சம் அமைதி. அப்புறம் அந்தப் பெண், ஒளிக்காமல்தான் சொன்னது: "கவரைப் பிரிச்சு ஏத்துற பையன் செவ்வாயும் வெள்ளியும் காலைலதான் சார் வருவான், மத்த நாள் வர்றதெல்லாம் டப்பால கிடக்கும்."

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய ஐயா (தாத்தா) பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன வீடுகளில் இது எல்லோரிடமும் இருக்கும். அந்த உறைகளைத் திருப்பிப் பாருங்கள், முன்னால் ரங்கூன் முத்திரை, பின்னால் நம்ம ஊர்த் தபால் நிலையத்து முத்திரை, இரண்டிலும் தேதி எழுத்துக் கூட்டாமல் படிக்கலாம். 1938ல் போட்ட ஒன்று எட்டாம் நாள் இங்கே வந்திருக்கிறது, கப்பலேறி. கிளம்பிய நாளும் வந்த நாளும் உறையிலேயே இருந்ததால் அப்பத்தாளிடம் யாரும் தபால் லேட் என்று கதை விட முடிந்திருக்காது. இப்போது மருமகனுக்குப் போன ஐந்து உறையில் ஒன்றில்தான் முத்திரைத் தேதி தெரிகிறது, மற்றதில் ஸ்டாம்பின் மேல் கறுப்பாக ஒரு நிலா, அவ்வளவுதான். முத்திரை தெளிவாக இருந்திருந்தால் எனக்கு இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. 85 ரூபாயைத் திருப்பித் தரவில்லை, இரண்டு படம் இலவசமாக அனுப்புகிறேன் என்றார், சரி என்றேன், பழைய படத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கெடு இனிமேல் நான் தபாலில் போடுகிற நாளோடு முடியும், போட்டதும் உறையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு. வெளியூர் ஆட்களுக்கு வாடகைக்கு எதை அனுப்புகிற கடையானாலும் வருகிற உறை மேல் வந்த அன்றே ஒரு தேதி ரப்பர் ஸ்டாம்பு குத்தி வைக்கலாம், பிரிப்பது எப்போது வேண்டுமானாலும் பிரிக்கட்டும்.

தபால்காரர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான். பெட்டியின் முகப்பில் அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று காட்ட ஒரு சின்னத் தகடு செருகும் இடம் இருக்கும், நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தை உள்ளே விடுவோம். எங்கள் தெருப் பெட்டியில் அந்த இடம் காலியாகி எத்தனை வருஷமோ, குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. காலை 10.30 என்று ஒரு தகடு போதும். இப்போதைக்கு மேலே பெயின்டால் எழுதினாலும் சரி, குளவி காலி செய்தபிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய படம் தேடும் வாசகர் ஒருவர்,
செட்டிநாடு.