தோன்றா எழுவாய்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தமிழம்மா,

நீ அனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ் வந்து சேர்ந்தது. கடிதத்தை அடியில் வைத்து அனுப்பினால் எப்படி? சிப்ஸைத் தின்று முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் பக்கத்தில் எண்ணெய் இறங்கி நாலு வரி கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் பிடித்துப் படித்தேன். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே அம்மா வழக்கம்போல். மூட்டு வலி, மாத்திரை, சீரியல், நடுநடுவே என்னோடு சண்டை.

அப்புறம், சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தி. இடுப்பில் தூக்கிவைத்துச் சோறு ஊட்டிய பிள்ளை ஆஃபர் லெட்டரோடு நிற்கிறாள் என்றால் நமக்கு வயதாகிவிட்டதை இனி தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் பக்கங்களையெல்லாம் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நேர்மை, மரியாதை, ஊழியர் நலன் என்று அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்களாம். "நம்பி அனுப்பலாமா? நீதானே இப்படியெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்" என்று ஒரு குத்து வேறு.

சம்பளம் வாங்குகிறவள் என்பதால்தான் சொல்கிறேன், அந்த மூன்று சொற்களையும் கணக்கில் எடுக்காதே. அமெரிக்காவில் என்ரான் என்று ஒரு எரிசக்திக் கம்பெனி இருந்தது. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை, இந்த நான்கும்தான் எங்கள் விழுமியங்கள் என்று 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சடித்து வைத்திருந்தார்கள். கணக்கு மோசடி வெளியாகி 2001 டிசம்பரில் திவாலாகிவிட்டது. அந்த நாலு சொற்களை எழுதிக் கொடுத்ததும் என்னைப் போல ஒருத்தியாக இருந்திருப்பாள், பாவம்.

இன்னொன்று. 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று எழுதியிருக்கிறார்களா பார். எனக்கு அந்த வாக்கியத்தைக் கண்டாலே கொஞ்சம் பயம். எந்தக் குடும்பத்திலும் நோட்டீஸ் பீரியட் கிடையாது.

பிறகு எதைத்தான் பார்ப்பது என்று கேட்பாய். ஏதாவது தப்பு நடந்த நாளில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடிப் பார். தீபாவளி வாழ்த்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, நீ இலக்கணம் நடத்துகிறவள். அந்த வாக்கியங்களில் எழுவாய் எங்கே என்று பார், போதும்.

சின்ன வயதில் தூர்தர்ஷனில் பார்ப்போமே, படம் பாதியில் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை வருமே. வருந்துவது யார்? நாங்கள். அது சொல்லாமலே விளங்கும் தோன்றா எழுவாய், சரி. தடங்கல் செய்தது யார்? அதற்கு எழுவாயே கிடையாது. மழை மாதிரி அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போகும். கம்பெனிகள் எழுதும் மன்னிப்பில் பாதிக்கு மேல் இன்னும் அந்த அட்டைதான்.

2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். விமான ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் வேண்டும் என்று, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஒரு மருத்துவரை இறங்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். விமான நிலையக் காவலர்கள் வந்து, வாயில் ரத்தம் வழிய அவரைத் தரையோடு இழுத்துப் போனார்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் எடுத்த வீடியோ உலகமெல்லாம் ஓடியது. மறுநாள் தலைமை அதிகாரி அறிக்கை விட்டார். என்ன சொன்னார் தெரியுமா? இந்த வாடிக்கையாளர்களுக்கு 'மாற்று இடவசதி செய்ய வேண்டி வந்ததற்கு' மன்னிப்புக் கேட்கிறாராம். இழுத்துப் போனதற்குப் பெயர் இடவசதி! நட்பான வானில் பறந்து வாருங்கள் என்பது அந்தக் கம்பெனியின் நெடுங்கால விளம்பர வாசகம். அதற்கும் அடுத்த நாள் ஒழுங்கான மன்னிப்பு ஒன்று வந்தது. ஆனால் முதல் நாள் கையில் வந்த வார்த்தைதான் ஜனங்களுக்கு நின்றது. அவசரத்தில் எது கைக்கு வருகிறதோ அதுதான் அந்த வீட்டில் எப்போதும் புழங்குகிற பாத்திரம்.

அதே வருஷம், அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்த வேறொன்று இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது அதைத்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கிட்லேப் என்று ஒரு கம்பெனி. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் இடம், பாங்க் லாக்கர் என்று வைத்துக்கொள். 2017 ஜனவரி 31 ராத்திரி அவர்களுடைய டேட்டாபேஸில் ஏதோ கோளாறு. ஒரு இன்ஜினியர் நேரம் போனது தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சர்வர்கள்: ஒன்று அசல், மற்றது நகல். நகலில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். தட்டியது அசலில். ஒன்றிரண்டு விநாடியில் புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். ஐந்து வழிகளில் பாதுகாப்பு ஏற்பாடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் உதவவில்லை. தினசரி பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுப்போனதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில், சோதனை வேலைக்காக அந்த இன்ஜினியரே ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சேர்ந்தது போனது போனதுதான். சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கமெண்ட்டுகள், 700 புதுக் கணக்குகள் பாதிக்கப்பட்டன என்று அவர்களே எண்ணிச் சொன்னார்கள்.

நம் ஊர்க் கம்பெனி என்றால் அந்த நேரத்தில் என்ன செய்யும்? 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு போர்டு. அவர்கள், என்ன நடந்தது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எழுதிய வேலைக் குறிப்பையே எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். ட்விட்டரில் அதற்கு லிங்க் கொடுத்தார்கள். யூடியூபில் கேமராவை வைத்துவிட்டு, மீட்பு வேலையை நேரலையில் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், ஒரு கம்பெனி தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டதை. பத்து நாள் கழித்து வந்த விரிவான அறிக்கையில் எது எது ஏன் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். சம்பவம் நடந்தபோதே ட்விட்டரில் 'தவறுதலாக நாங்கள் டேட்டாவை அழித்துவிட்டோம்' என்று எழுதியிருந்தார்கள். எழுவாய் இருக்கிறது பார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. அந்த இன்ஜினியருக்கு அறிக்கையில் பெயர் இல்லை. 'குழு உறுப்பினர் 1'. அவ்வளவுதான். தப்பைச் சொல்ல 'நாங்கள்' வந்தது, ஆளைக் காட்டிக்கொடுக்கப் பெயர் வரவில்லை. ஒளிவுமறைவின்மை என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கும் விழுமியங்களில் ஒன்று. அதைப் படித்து நான் நம்பியிருக்க மாட்டேன். 'குழு உறுப்பினர் 1' என்பதைப் படித்தபோது நம்பினேன். சின்னவள் நாளைக்கு ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தப்பான பட்டனை அழுத்துவாள். யாராக இருந்தாலும் அழுத்துவார்கள். அன்றைக்கு அவளை என்ன செய்வார்கள் என்பதுதானே உனக்குத் தெரிய வேண்டும்?

சம்பள விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பஃபர் என்ற சின்னக் கம்பெனி 2013 டிசம்பரில், முதலாளி உட்பட எல்லாருடைய சம்பளத்தையும் பெயரோடு வெளியிட்டது. அப்போது கை தட்டியவர்கள் நிறைய. 2016-இல் அதே இடத்தில், பத்துப் பேரை வேலையை விட்டு அனுப்புகிறோம், வரவுக்கு மீறி ஆளெடுத்தது எங்கள் தப்பு என்று கணக்கோடு எழுதினார்கள். வேலை போன பத்துப் பேருக்கு அதில் என்ன ஆறுதல் என்றும் தோன்றாமல் இல்லை.

படகோனியா என்ற துணிமணிக் கம்பெனி விஷயத்தில் இன்னும் எனக்குக் குழப்பம்தான். 2011 நவம்பரில், அமெரிக்கர்கள் கடைக்குப் படையெடுக்கும் நாளில், 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்' என்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அவர்களே அதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு விற்பனை கூடியது! 2020 ஜூனில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கொடுத்து விளம்பரம் செய்வதையும் நிறுத்தினார்கள். கொள்கையா, கெட்டிக்காரத்தனமா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

இவ்வளவு பேசுகிறேனே, என் யோக்கியதையையும் கேட்டுக்கொள்.

பங்குனி மாதம் எங்கள் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு விவசாயி கமெண்ட் போட்டார். வாங்கி நாற்பது நாள் ஆன சப்மெர்சிபிள் மோட்டார், உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது. படம் போட்டிருந்தார். கழற்றிய மோட்டார் ஒரு சாக்கின் மேல் கிடக்கிறது, பக்கத்தில் பில்லை விரித்துக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல். 'டீலர் லோ வோல்டேஜ் என்கிறார். பக்கத்துத் தோட்டத்திலும் அதே கரண்ட்தான். மஞ்சள் காயுது' என்று மூன்றே வாக்கியம். அவர் கமெண்ட் போட்ட இடத்துக்கு மேலே நான் எழுதிய பதிவு: 'உழவரின் நம்பிக்கையே எங்கள் மூலதனம்'.

மேலிடத்தில் கேட்டேன். ஹைட் பண்ணு என்றார்கள். பண்ணினேன். அழிப்பது வேறு, இது வேறு. ஹைட் செய்தால் கமெண்ட் போட்டவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது அப்படியே தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. ஊர் நடுவில் நின்று கத்துகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நான் அவரைச் சுற்றி நாலு சுவர் எழுப்பிவிட்டேன், அதுவும் அவருக்குத் தெரியாமல். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன். மறுநாள் காலையில்தான் அந்தக் கல் ஞாபகம் வந்தது.

சர்வீஸ் மேனேஜரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, "இந்த லாட்டில் இது நாலாவதும்மா" என்றார். கம்பி சப்ளையரை மாற்றியிருக்கிறார்கள். வந்த கம்பியைச் சரியாகச் சோதிக்கவில்லை. பர்ச்சேஸில் இருக்கும் ஒரு பையன்மேல் பழி விழுந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் மேலே இருக்கிறார்கள். விவசாயிக்குப் பத்தொன்பது நாள் கழித்து வேறு மோட்டார் போனது. போன அன்றைக்கு யாரையும் கேட்காமல் அந்தக் கமெண்ட்டை வெளியே எடுத்துவிட்டேன். இதுவரை யாரும் கவனிக்கவில்லை. அவர் மட்டும் கீழே 'வந்துருச்சு' என்று எழுதியிருந்தார். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. எதற்கு நன்றி?

மோட்டார் வந்து இறங்கும் படத்தைப் போட்டு 'வாடிக்கையாளர் சேவையே எங்கள் மூச்சு' என்று எழுதச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக வேறொன்று எழுதினேன். மூன்று பத்திதான். 'பிப்ரவரியில் அனுப்பிய மோட்டார்களில் நாங்கள் சோதிக்காத கம்பியைப் போட்டோம்' என்று ஆரம்பிக்கும். எந்த லாட், பில்லில் அந்த நம்பர் எங்கே இருக்கும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாம் இருக்கிறது. வக்கீல் பார்க்கட்டும் என்று வாங்கி வைத்தார்கள். வைத்து ஐந்து மாதம் ஆகிறது. மோட்டார் மூச்சுப் பதிவும் நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவர்களும் மறந்துவிட்டார்கள். வருகிற புதன்கிழமை மறுபடியும் மீட்டிங். ஆயுத பூஜைப் பதிவைப் பற்றிப் பேசுவதற்காம். அதோடு இதையும் மேஜையில் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அந்த மூன்று பத்தியின் நகல் இதோடு இருக்கிறது. ஒற்றுப்பிழை பார்த்துச் சிவப்பு மையில் திருத்திப் புதனுக்குள் வந்து சேரும்படி அனுப்பு. முடியாவிட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. இரண்டாம் பத்தியில் நீளம் அதிகம் என்று எனக்கே தெரியும், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள். முதல் வரியில் 'நாங்கள்' என்று இருப்பதை மட்டும் எடுத்துவிடாதே.

சின்னவளின் கம்பெனி பெயரையும் எழுது. எப்போதாவது எதையாவது சொதப்பியிருப்பார்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
எட்டாம் நம்பர் ரூம்காரி

பி.கு.: சிப்ஸ் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை கடிதத்தைத் தனிக் கவரில் போடு.