காதோட போயிடும்னு நெனச்சோமே மாப்ள

மாப்ள,

ஏழு மாசமா ஒரு வரி கூட எழுதலன்னு திட்டிட்டு இருப்ப, திட்டு, வாங்கிக்கறேன். தங்கச்சி எப்டி இருக்கா, பையன் இன்னும் உன்னை மாதிரியே காலைல எழுப்பினா சண்டைக்கு வர்றானா? இங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்குத்தான் ஒண்ணு ஆயிருக்கு, அதச் சொல்லத்தான் உக்காந்தேன்.

போன மாசம் மெடிக்கல் செக்கப்ல பிபி 158/98. மறுபடி எடுத்தாங்க, பெருசா எறங்கல. டாக்டர் உப்பு, சிகரெட், தூக்கம், அப்பாவுக்கு இருந்துச்சான்னு வரிசையா கேட்டுட்டு, கடைசில "தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல பக்கத்துல நிக்கறவர்கிட்ட கத்தாம பேச முடியுமா"ன்னாரு. எனக்கு உடனே உன் மூஞ்சிதான் வந்துச்சு. பதினாலு வருஷம் நாம பேசினதெல்லாம் கை ஜாடைலதானடா, அந்த நாலு விரல் ஜாடைக்கு அர்த்தம் மட்டும் பெரியவருக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளில.

கை நீட்டுற தூரத்துல இருக்கறவன்கிட்டயே கத்திதான் பேசணும்னா அங்க சத்தம் அனேகமா 85 டெசிபலத் தாண்டிருச்சுன்னு அர்த்தமாம், டெசிபல்ங்கறது சத்தத்த அளக்கற யூனிட். நாம என்ன நெனச்சோம், மிஞ்சிப் போனா காது போகும், ரிட்டயர் ஆனா பொண்டாட்டி திட்றது கேக்காதுன்னு சிரிச்சோம். காது வெறும் வாசல்தான் மாப்ள. பெரிய சத்தம் உள்ள போனா ஏதோ ஆபத்துன்னு ஒடம்பு எடுத்துக்குது, அட்ரினலின், கார்டிசால்னு பதட்டத்துல சொரக்கற ஹார்மோனெல்லாம் ஏறுது, இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய் இறுகுது, பிரஷர் ஏறுது. ஒரு தடவை நடந்தா ஒண்ணுமில்ல, எறங்கிடும். பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும், ஷிப்ட் முழுக்க, வருஷக்கணக்கா நடந்தா அந்தக் குழாய் என்னத்துக்கு ஆகும்? "எனக்கு பழகிருச்சு"ன்னு சொல்லுவியே, மனசு பழகிடுது, ஒடம்பு முழுசா பழகறதில்லயாம். தூக்கத்துல கூட காது மூடாது, சத்தம் கேட்டா தூங்கறவன் நாடியும் ஏறும்.

இன்னொண்ணு பாரு. நடுவுல கால் சுளுக்கி பன்னெண்டு நாள் வீட்ல இருந்தேன், தெனம் அளந்து நோட்ல எழுதினேன், 140-க்கு கீழ வந்துருச்சு. திரும்ப ஷாப்புக்குப் போன ஒரு வாரத்துல பழைய எடத்துக்கே ஏறிருச்சு. ரெஸ்ட்டும் எடுத்தீங்க, தூங்கினீங்க, அதனால சத்தத்த மட்டும் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொன்னாரு, நானும் ஒத்துக்கறேன். மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு. ஆனா அந்த நோட்ட பாக்கும்போது வயித்த என்னமோ பண்ணுது.

ப்ரூஃப் எங்கன்னு கேப்ப, நீ கேக்காம விட்டாதான் அதிசயம். அமெரிக்காவுல தொழிலாளர் ஒடம்ப பத்தி ஆராயற நியோஷ், 2018-ல சொன்ன கணக்குல, அங்க வேலை பாக்கறவங்களோட பிபி கேஸ்ல 14 சதவீதத்துக்கு வேலையிட சத்தம் காரணமா இருக்கலாம்னு வந்துச்சு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து பழைய ஆய்வுகள அலசினதுல, 85-க்கு மேல சத்தத்துல இருக்கறவங்களுக்கு மாரடைப்பு மாதிரி இதய நோய் வர்ற வாய்ப்பு சுமார் 29 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சுது, ஆனா கைல இருந்த ஆய்வு கொஞ்சம்தான், ஆதாரம் இன்னும் பலமா இல்லன்னும் அவங்களே எழுதிட்டாங்க. சத்தம் இருக்கற எடத்துலதான் சூடு, நைட் ஷிப்ட், சிகரெட் எல்லாம் இருக்கும், பிரிச்சுப் பாக்கறது கஷ்டம். அதுக்காக சும்மா இருக்க முடியுமா சொல்லு.

என்னை ரொம்ப உறுத்தறது இதுதான். 85 டெசிபல்னா 8 மணி நேரம், 88-னா 4, 91-னா 2, 100-னா வெறும் 15 நிமிஷம்னு நியோஷ் ஒரு அளவு வச்சிருக்கு, மூணு டெசிபல் ஏறினா சத்தத்தோட சக்தி டபுள், அதான் நேரம் பாதி. ஆனா இந்தக் கணக்கு மொத்தமும் காது போகாம இருக்கப் போட்டது. இதயத்த மனசுல வச்சு போட்டதில்ல. போர்டுல 84-ன்னு காட்டி "லிமிட்டுக்குள்ள இருக்கு"ன்னு சூப்பர்வைசர் சொல்றப்போ எனக்கு இப்பல்லாம் பயமா இருக்குடா.

இயர் பிளக் பத்தி உன்கிட்ட ஒரு சண்டை பாக்கி. போன் வந்தா, டீக்கு முன்னாடின்னு கழட்டி பாக்கெட்ல போட்டுக்குவ. 30 டெசிபல் கொறைக்கற பிளக்கா இருந்தாலும் எட்டு மணி நேரத்துல அரை மணி கழட்டி வச்சா மொத்தத்துல 12 டெசிபல்தான் தேறும், பென்சில வச்சு போட்டுப் பாத்தேன். நொரை பிளக்க விரலால மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காத மேல தூக்கி இழுத்து உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் பிடிச்சுக்கணும், நீ பண்ற மாதிரி வாசல்ல ஒட்டி வச்சா வேலைக்காகாது. ஆனா எல்லாத்தையும் நம்ம காதுலயே அடைக்கச் சொல்றதும் ஞாயமில்ல. கம்ப்ரசர சுவத்துக்கு அந்தப்பக்கம் தள்ளலாம், மெஷினுக்கு அடில ரப்பர் மவுண்ட் போடலாம், ஏர் ஊதற எடத்துல சைலன்சர் மாட்டலாம். இங்க நாங்க நாலு பேரு எழுதிக் குடுத்துருக்கோம், மூணாம் நம்பர் மெஷினுக்கு மூடி போடறேன்னு ஒத்துக்கிட்டாங்க, இன்னும் வரல.

நீ கடைசியா எப்ப பிபி பாத்த? உண்மையச் சொல்லு. ஷிப்டுக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு ஒண்ணு, ஒரு வாரத்துக்கு எழுதி அனுப்பு. அனுப்பலன்னா தங்கச்சிக்குத்தான் அடுத்த லெட்டர்.

உன்
மச்சான்