ஒடியலும் சுன்யோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஆண்டு மகளுடன் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குப் போயிருந்தேன். சுமார் 3,400 மீற்றர் உயரம். முதல் நாள் கொக்கா இலைத் தேநீர்தான் என்னை நடமாட வைத்தது. இன்காக்களின் சூரியக் கோயிற் சுவர்களின்மேல் ஸ்பானியர் கட்டிய மடம் நிற்கிறது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயரிடம் பறிகொடுத்த ஊர்க்காரனுக்கு அது புதிதல்ல.

சந்தையில் 'சுன்யோ' போட்ட சூப் குடித்தேன். உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் உலர்த்துகிறார்கள், வருடக்கணக்கில் கெடாது. வாயில் வைத்ததும், பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தும் நம் ஒடியல் நினைவு வந்தது. (கினிப்பன்றிப் பொரியலை மகள் சாப்பிட்டாள்; நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.)

நம் கடற்கரை விடுதிகளிலோ வெளிநாட்டவருக்குப் பீட்சாதான். ஒடியற்கூழ் ஒரு கோப்பையாவது வைக்கக்கூடாதா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை